உடலுக்கும் வீட்டுக்கும் சில கைக்கணக்குகள்

துவையல் பந்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது தவம்தான். எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் தங்கி, நாளுக்கு மூன்று வேளை குளித்து, உடுத்தியதைத் துவைத்து, அரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவை ஒரு வேளை உண்டு இருந்த தவம் அது. அதைத் தவமாகப் படிப்பதில் குறை எதுவும் இல்லை. ஆனால் ஏட்டைப் படிக்கும் நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தவத்துக்குப் போனவர்கள் காட்டுக்குப் போன துறவிகள் அல்ல, குடும்பம் குடும்பமாகப் போன இல்லறத்தார். பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். உடம்பைச் சுத்தமாக வைப்பது, உணவை அளவாக வைப்பது, சேர்ந்து உண்பது ஆகிய மூன்றையும் அய்யா வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை, மாதக்கணக்கில் பழக்கிக் காட்டினார்.

அது எந்தக் காலம் என்பதையும் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் தலைக்கு வரி இருந்தது. பனையேறி வைத்திருந்த ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம் என்று தொழில் கருவிக்கே வரி வாங்கினார்கள். அதைக் கட்டிவிட்டு மிஞ்சிய காசும் வீட்டில் தங்கவில்லை. பேய்க்கு என்று ஒரு கிடா, மந்திரவாதிக்கு ஒரு கூலி, நேர்ச்சைக்கு ஒரு காணிக்கை என்று போய்க்கொண்டிருந்தது. பலி வேண்டாம், காவடி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்று அய்யா நிறுத்தியதை நாம் பக்தி விஷயமாக மட்டும் படிக்கிறோம். அன்றைக்குக் கூலி வாங்கிய ஒரு தாய் அதை எப்படிக் கேட்டிருப்பாள்? மாதம் இவ்வளவு காசு இனி வீட்டிலேயே தங்கும் என்றும் கேட்டிருப்பாள் அல்லவா.

அந்த வழியில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். டாக்டரும் அல்ல, ஆடிட்டரும் அல்ல. தாங்கலில் பணிவிடை செய்கிறவன் என்பதால் அன்பர்களுக்குத் துணையாகப் பெரியாஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் போய் வருகிறவன். நம் அன்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து வட்டியில் முடிகிறது. "உமக்கு எவ்வளவு இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், கேட்பது சர்க்கரையா கடனா என்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீரும் மண்ணும், மாத்திரையும்

முதலில் ஒரு வருத்தமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தாங்கலுக்குப் பல வருடமாக வரும் ஒரு பெரியவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து மளிகைக்கடை வைத்தவர். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் அடைப்பார். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து இரண்டு வருடம் மாத்திரை போட்டார். பிறகு, "அய்யா தண்ணியும் திருமண்ணும் இருக்கும்போது எனக்கு என்னத்துக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டார். உடம்பில் வலி எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறோம் என்றே நினைத்தார். ஒரு நாள் கடையில் சில்லறை எண்ணும்போது ஒரு கண்ணில் கறுப்பாக ஏதோ மிதந்திருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். விழித்திரையில் ரத்தக் கசிவு. லேசர் சிகிச்சையால் மிச்சம் இருந்த பார்வையைக் காப்பாற்றினார்கள். போன பார்வை போனதுதான்.

அந்தப் பெரியவரின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பக்தியில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இருந்தால் போதும். ஆனால் அவர் பிரித்துப் பார்த்த இடம்தான் பிசகியது. அய்யாவிடம் நோயோடு வந்தவர்களுக்கு அன்று மருத்துவம் என்ற பேரில் கிடைத்தது என்ன? மந்திரவாதியின் கயிறும் கிடாவெட்டும்தான். அந்தச் செலவிலிருந்தும் பயத்திலிருந்தும் மீட்டுத்தான் தண்ணீரும் மண்ணும் தந்தார். இன்று அரசு கொடுக்கும் இலவச மாத்திரையை வேண்டாம் என்று தள்ளுவதற்கு அய்யா பெயரைச் சொல்வது பொருந்துமா? பதம் வாங்குங்கள், திருநாமம் இடுங்கள், மாத்திரையும் போடுங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அரவிந்த் மருத்துவமனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் இந்த மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அது. மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போன மனிதர் அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்து பழகினார். பணம் கட்ட முடிந்தவர் கட்டும் பணத்தில் கட்ட முடியாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. உலகமே வந்து பார்த்துப் போகிற இடம் நமக்கு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பார்வை மங்கிய பிறகு போவது, குடம் உடைந்த பிறகு தண்ணீரைத் தேடுவது போல.

தாங்கலுக்கு வரும் சர்க்கரைக்காரர்கள் இன்னும் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று கால். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறோம். சித்திரை வெயிலில் மதுரைத் தரை எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல வருடம் சர்க்கரை இருந்தவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெயில் ஏறுமுன் வாருங்கள், அல்லது பணிவிடைக்காரரிடம் சொல்லுங்கள், நடைபாதையில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கு விரித்து வைக்கிறோம். இரவு படுக்கப் போகுமுன் இரண்டு உள்ளங்காலையும் பார்த்துவிட வேண்டும். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம், அதுகளுக்கும் ஒரு விளையாட்டு.

இரண்டாவது விரதம். உச்சிப்படிப்பு முடியும்வரை பச்சைத் தண்ணீர் படாமல் இருப்போரும், திருஏடு வாசிப்பு நடக்கும் 17 நாளும் ஒரு பொழுது இருப்போரும் நம்மில் உண்டு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதை வழக்கம்போல் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு கீழே இறங்கி மயக்கம் வரும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். சிலர் அதை அருள் வந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். விரதம் இருக்க விரும்புகிறவர் டாக்டரிடம் ஒரு வாரம் முன்னதாகவே கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அடுக்களைக் கணக்கு

ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைப்பது என்றால் எவ்வளவு? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அடுக்களையில் யாரும் கிராம் பார்த்துப் போட மாட்டார்கள். அதனால் இப்படிக் கணக்குப் போடுங்கள். 200 என்ற எண்ணை வீட்டில் சாப்பிடும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது அத்தனை நாள் வர வேண்டும். நான்கு பேர் என்றால் 50 நாள். ஐந்து பேர் என்றால் 40 நாள். பாக்கெட் பிரித்த அன்றே அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு இதில் வரும் உப்பு இந்தப் பாக்கெட்டில் சேராது. ஆகவே அவை அதிகம் புழங்கும் வீட்டில் பாக்கெட் இன்னும் கூடுதல் நாள் வந்தால்தான் கணக்குச் சரி. நான் சொன்னதைக் கேட்டு எழுதிப் பார்த்த ஒரு வீட்டில் மூன்று பேருக்கு 25 நாளில் பாக்கெட் தீர்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு அழுத்த மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எண்ணெய்க்கு வகுத்தல் வேண்டாம். மாதத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இது பணத்துக்கும் கணக்கு என்பதைக் கவனியுங்கள். மூன்றரை லிட்டர் வாங்கும் வீடு இரண்டுக்கு வந்தால் மிச்சமாகும் காசு என்ன என்று இன்றைய விலையில் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பயறோ பருப்போ. துவையல் பந்திக்காரர்கள் அரிசியோடு சிறுபயறு சேர்த்ததை இன்றைக்கு உணவு நிபுணர்களும் சொல்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கடையை எடுத்துவைத்துவிட்டு நான்கு பரோட்டாவைச் சால்னாவில் நனைத்து அடித்துவிட்டுப் படுப்பது மதுரைக்கு வந்து நாம் கற்றுக்கொண்ட பழக்கம். வாரத்தில் ஒரு நாள் என்றால் நானும் வருவேன். தினமும் என்றால் வயிறு சொல்லும். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு நூலை எடுத்து உங்கள் உயரத்துக்கு அளந்து சரிபாதியாக மடியுங்கள். அந்தப் பாதி நூல் தொப்புளைச் சுற்றி வந்து முடிச்சுப் போட எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எடை அதிகம், சர்க்கரையும் அழுத்தமும் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம்.

கடையில் நாள் முழுக்க நிற்கிறேனே, அது நடை ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடக்க வேண்டும்.

சில எண்களை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் மேல் 140, கீழ் 90. இதில் எது தாண்டினாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்றே பொருள், இன்னொரு தரம் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனையில் 7-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலோருக்குச் சரி. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ அது பக்கவாதம். நான்கரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரத்தை வேப்பிலை அடித்தும் எண்ணெய் தேய்த்தும் கழித்துவிட்டு மறுநாள் காலையில் கொண்டுபோனால் டாக்டர் என்ன செய்வார்? ராத்திரி எந்நேரமானாலும் நேரே பெரியாஸ்பத்திரிக்குத்தான்.

கல்லாப்பெட்டியும் வீட்டுப் பெட்டியும்

நம் அன்பர்களில் கடை வைத்திருப்பவர்கள் அதிகம். அவர்கள் வீட்டில் பணம் ஏன் தங்குவதில்லை என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கல்லாவும் வீட்டுப் பெட்டியும் ஒன்றாக இருக்கிறது. பால் வாங்கக் கல்லாவில் ஐம்பது, பிள்ளை கேட்டால் நூறு, கரண்ட் பில் அதிலேயே. இப்போது அட்டையில் ஸ்கேன் செய்து பணம் போனுக்கு வருவதால் கல்லாவே கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதக் கடைசியில் கீழமாசி வீதி மொத்தக் கடைக்காரர் பாக்கி கேட்கும்போது, நல்லாத்தானே ஓடுது, பணம் எங்கே போச்சு என்று தலையைச் சொறிகிறோம். உங்கள் கடைக்கு நீங்களே ஒரு சம்பளக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒன்றாம் தேதி எடுத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கல்லா கடைக்குச் சொந்தம். வீட்டுக்கு மளிகை வேண்டும் என்றாலும் பற்று எழுதித்தான் எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் வீட்டில் சண்டை வரும். மூன்றாவது மாதம் லாபம் எவ்வளவு என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தெரியவரும்.

எடுத்து வைப்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. விருதுநகரில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கி வந்தார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டார்கள். அந்த மகமையும் பிடியரிசியும் சேர்ந்துதான் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு ஊட்டம் கொடுத்தது. காமராசர் படித்த பள்ளி அது. இது ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தின் ஏற்பாடு, நம் வழியோ பதினெட்டுச் சாதிக்கும் ஒரு பந்தி போட்ட வழி. என்றாலும் முறை யாருக்கும் பொது. அதில் கவனிக்க வேண்டியது, சமைத்து மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. உலை வைக்குமுன்பே எடுத்துவிட்டார்கள். பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. மிஞ்சினால் சேமிப்போம் என்று சொல்லும் வீட்டில் எந்த மாதமும் மிஞ்சாது.

எவ்வளவு எடுப்பது? மாதத்தில் ஒரு நாள் வருமானம் ஆஸ்பத்திரிக்கு, இன்னொரு நாள் வருமானம் பிள்ளைகள் படிப்புக்கு, அரை நாள் வருமானம் தர்மத்துக்கு என்று நான் சொல்வது வழக்கம். கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கும் இது புரிகிறது, பெரிய கடைக்காரருக்கும் புரிகிறது. மூன்று மாத வீட்டுச் செலவு அளவுக்கு ஒரு தொகை சேரும் வரை நகையோ நிலமோ வாங்க வேண்டாம். அந்தத் தொகை இல்லாத வீட்டுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தண்டல்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

தனியாகச் சேர்க்க மனம் கட்டுப்படாதவர்கள் கூட்டாகச் சேர்க்கலாம். அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி என்ற ஊரில் வயல்வேலைக்குப் போன சின்னப்பிள்ளை அம்மாவைப் பலருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியம் என்ற மகளிர் குழுவில் சேர்ந்து, சிறு தொகையாகச் சேர்த்து, அதையே உறுப்பினர்களுக்குள் குறைந்த வட்டிக்குக் கொடுத்து வாங்கி, ஊர் ஊராகப் பெண்களைக் கந்து வட்டியிலிருந்து வெளியே கொண்டு வந்தார். 2001-ல் டில்லியில் அவருக்கு விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நெல்லைப் போட்டு வைக்கும் குதிருக்குத்தான் களஞ்சியம் என்று பெயர். சரியான பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வட்டியைக் கண்ணால் பார்க்க

வட்டி கண்ணுக்குத் தெரியாததால்தான் பயம் இல்லாமல் வாங்குகிறோம். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 ரூபாய். 100-ஐ மாத வட்டியால் வகுத்துப் பாருங்கள். 100-ஐ 3-ஆல் வகுத்தால் 33. முப்பத்து மூன்று மாதத்தில் வாங்கிய அளவுக்கு வட்டியே கட்டியிருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். ஐந்து வட்டிக்கு 20 மாதம். பத்து வட்டிக்கு பத்தே மாதம்.

தண்டல் இன்னும் மோசம், ஆனால் பார்க்க இனிப்பாக இருக்கும். பத்தாயிரம் என்று பேசி, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 8,500-க்கு 1,500 வட்டிதானே, நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுதானே என்று தோன்றும். அப்படி அல்ல. தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் அந்த நூறு நாளும் சராசரியாக உங்கள் கையில் இருந்தது பாதிப் பணம்தான், சுமார் 4,250. அதற்கு 1,500 என்றால் நூற்றுக்கு 35. அதுவும் நூறு நாளுக்கு. வருடக் கணக்கில் நூற்றுக்கு 120-ஐத் தாண்டும். காலையில் காய்கறி வண்டிக்கு வாங்கி மாலையில் கொடுக்கும் ரன் வட்டிக்குக் கணக்குப் போட்டால் எனக்கே தலை சுற்றுகிறது, அதை விட்டுவிடுகிறேன். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. மிரட்டுகிறார்கள் என்றால் பயந்து ஊரை விட்டுப் போக வேண்டாம், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுநாளிலும் கொடுக்கலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நம்மில் இரண்டு பேர் கூட வருவார்கள்.

அவசரத்துக்கு நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கலாம், வருட வட்டி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மாத வட்டியாகச் சொன்னால் பன்னிரண்டால் பெருக்குங்கள். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கொடுக்கும் பக்கத்திலும் ஏமாற்று இருக்கிறது. பணம் போடுங்கள், வங்கியைவிட மூன்று மடங்கு வட்டி தருகிறோம் என்று சொந்தக்காரர் ஒருவரே வந்து சொல்வார், அவரும் நம்பித்தான் சொல்வார். அப்போது 72 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 72-ஐ வருட வட்டியால் வகுத்தால் எத்தனை வருடத்தில் பணம் இரட்டிக்கும் என்று வரும். ஏழு வட்டி தரும் வைப்பில் சுமார் பத்து வருடம். இருபத்து நான்கு தருகிறேன் என்றால் மூன்றே வருடம். மூன்று வருடத்தில் பணத்தை இரட்டிக்கும் தொழில் என்ன என்று கேளுங்கள். பதினெட்டு மணி நேரம் நின்று நம் மளிகைக்கடையில் அப்படி இரட்டிக்கிறதா? வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டுப் போடுவதானால் 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுத்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

மொய்யையும் இங்கே சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் காதுகுத்துக்கும் சடங்குக்கும் மொய் லட்சக்கணக்கில் வருகிறது. வந்ததை வருமானம் என்று நினைத்து வீட்டுக்கு மேல்தளம் போட்டவர்கள் பிறகு வைகாசியும் ஆவணியும் வந்தால் பத்திரிகையைப் பார்த்து நடுங்குகிறார்கள். மொய் என்பது தேதி குறிக்காத கடன். மொய் நோட்டையும் கடன் நோட்டையும் ஒரே அலமாரியில் வையுங்கள், வருகிற வருடம் யார் யார் வீட்டில் விசேஷம் என்று முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். நம் வழியில் திருமணம் எளிமையாக முடிவது. அதை மண்டபம், மேடை, டிரோன் கேமரா என்று பெரிதாக்கிக்கொள்வது நாமே.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத வீடு இன்னும் நம்மில் இருக்கிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வருமுன் வாங்கி வைத்துவிடுங்கள். நோயாளியைப் படுக்கையில் போட்டுவிட்டு வருமானச் சான்றுக்கு அலைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் சேர்க்கும்போதே, பணம் கட்டுமுன், இந்த அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று கேட்க வேண்டும். கட்டிவிட்டுக் கேட்டால் திரும்ப வாங்குவது கடினம்.

சர்க்கரை, அழுத்த மாத்திரை வாங்க அலைய முடியாத முதியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் அதே மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், விலை வெகுவாகக் குறையும். மூலப்பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள். வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. இரண்டுக்கும் இரண்டு லட்சம். வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த 20 ரூபாயை விடவே கூடாது. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பணம் பிடிப்பார்கள், அன்றைக்குக் கணக்கில் தொகை இருக்க வேண்டும்.

இந்த அட்டைகளையும், டாக்டர் சீட்டுகளையும், மொய் நோட்டையும், வங்கிப் புத்தகத்தையும் ஒரே பையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள். பெரும்பாலான வீட்டில் இது அப்பாவுக்கு மட்டும் தெரிகிறது, அப்பாதான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மாசி இருபதுக்குச் சுவாமித்தோப்பு போகிறவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக மாத்திரையும், காப்பீட்டு அட்டையின் நகலும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பஸ் தாமதமாகும், இன்சுலின் எடுப்பவர்கள் ஒரு சிறிய பாட்டிலில் சர்க்கரையும் கொண்டு போங்கள். நம் வண்டியில் வருகிறவர்கள் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை ஏறும்போதே பணிவிடைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அய்யா உண்டு.